பேரத்தில் தருமம்

(ஜவ்வாது மலை, புதூர்நாட்டில் மலை விவசாயிகளும் சமவெளி வியாபாரிகளும் கூடியிருந்த சபையில் ஆற்றிய சொற்பொழிவு)



கொடுக்கல் வாங்கலில் நியாயம் என்ற விஷயத்தை விவாதிப்பதற்கு நகரங்களில் பெரிய மண்டபங்கள் இருக்கின்றன. அங்கே கம்பெனி நிர்வாகிகளும் கல்லூரிப் பேராசிரியர்களும் கூடி இதைப் பற்றி நாள் முழுதும் பேசுகிறார்கள். அவர்கள் பேசும் பேரங்களில் விற்பவர் முகத்தை வாங்குபவர் கண்டிருக்க மாட்டார். சரக்கை இருவருமே தொட்டிருக்க மாட்டார்கள். யாருக்கு எங்கே அநியாயம் நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே நூறு தஸ்தாவேஜுகளைப் புரட்ட வேண்டியிருக்கும். இந்த மலையிலோ பொருள் மரத்திலேயே தொங்குகிறது. விற்பவர் அந்த மரத்தடியிலே நிற்கிறார். வாங்குபவர் அண்ணாந்து பார்த்து விலை சொல்கிறார். அந்த விலையால் வாழப்போகிற அல்லது வருந்தப்போகிற குழந்தைகள் நாலடி தூரத்தில் விளையாடிக்கொண்டிருக்கின்றன. பேரத்தின் தருமாதருமங்களை ஆராய விரும்புகிறவனுக்கு இதைவிடத் தெளிவான இடம் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். ஆதலால், வேறெங்கும் போகாமல் ஒரு புளியமரத்தடியிலிருந்தே தொடங்குகிறேன்.

புளி பூக்கும் காலம் உங்களுக்குத் தெரியும். வைகாசி தொடங்கி ஆடி வரையில் மரம் பூத்துப் பிஞ்சுவிடுகிறது. காய் முற்றிப் பழுத்து உலுக்குவதற்கு மாசி, பங்குனி ஆகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களே மலையில் கை வறண்ட மாதங்கள். சாமை விதைத்தாகிவிட்டது, அறுப்புக்கு இன்னும் நாளிருக்கிறது, பழைய தானியம் குதிரின் அடிக்கு வந்துவிட்டது, பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, ஒரு காய்ச்சல் வந்தால் திருப்பத்தூருக்கு இறங்கியாக வேண்டும். அந்தச் சமயத்தில் வியாபாரி வருகிறார். மரத்தைச் சுற்றி வருகிறார், ஒரு கிளையைத் தாழ்த்திப் பார்க்கிறார், "என்ன கவுண்டரே, இந்த வருஷம் பூ கம்மியாத்தான் இருக்குது" என்கிறார். வீட்டுக்காரர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களே பாத்து ஒரு வெல சொல்லுங்கண்ணே" என்கிறார். பணம் கைமாறுகிறது. அந்த வருஷத்து மகசூல், பழமாவதற்கு முன்னமே, வேறொருவருடையதாகி விடுகிறது.

இதிலே பொய் எங்கே இருக்கிறது, களவு எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். ஒருவர் விலை சொன்னார், மற்றவர் சம்மதித்தார். பலாத்காரம் இல்லை, கள்ளத் தராசு இல்லை. ஆயினும் இந்தச் சம்மதத்தைச் சற்று நெருங்கி நின்று பார்க்க வேண்டும். மாசியில் புளி என்ன விலைக்குப் போகக்கூடும் என்பதை வியாபாரி ஓரளவு ஊகித்திருக்கிறார். வீட்டுக்காரருக்கு அந்த ஊகத்திற்கு வழியில்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பேரம் படியாவிட்டால் வியாபாரி அடுத்த ஊருக்குப் போகலாம், அடுத்த வாரம் வரலாம், வராமலே இருந்துவிடலாம். வீட்டுக்காரரால் அடுத்த வாரம் வரையில் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடிந்தவரும் காத்திருக்க முடியாதவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது, விலையைத் தீர்மானிப்பது புளியின் தரமாக இருப்பதில்லை. வீட்டிலே அன்று மாலை அடுப்பு எரியுமா என்ற கேள்வியே விலையைத் தீர்மானிக்கிறது. பிறருடைய பசியைத் தன் தட்டில் படிக்கல்லாக வைத்து நிறுப்பது நியாயமாகுமா என்பதே இன்று நம் முன் இருக்கும் வினா.

இந்த வினாவை நம் தேசத்துச் சட்டம் அறியாமல் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, ஒருவருடைய சித்தத்தை அடக்கியாளும் நிலையில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்தி அநியாயமான அனுகூலம் பெற்றால் அந்த ஒப்பந்தம் முறையற்ற செல்வாக்கினால் ஏற்பட்டது என்று கூறுகிறது. சட்டத்தை விளக்குவதற்காக அதிலேயே சேர்க்கப்பட்டிருக்கும் உதாரணங்களில் இரண்டு மிகவும் விசேஷமானவை. ஒன்று, தன் கிராமத்து லேவாதேவிக்காரரிடம் ஏற்கெனவே கடன்பட்ட ஒருவர், மனச்சாட்சிக்கு ஒவ்வாததாகத் தோன்றும் நிபந்தனைகளோடு மேலும் கடன் வாங்குவது; அப்போது தாம் நிர்ப்பந்திக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவர் மேல் விழுகிறது. மற்றொன்று, பணச்சந்தை இறுகியிருக்கும் வேளையில் ஒருவர் பாங்கியிடம் கடன் கேட்பதும், பாங்கி வழக்கத்துக்கு மீறிய வட்டி சொல்வதும், அவர் அதை ஒப்புக்கொள்வதும். இது சாதாரண வியாபாரம்தான், குற்றமில்லை என்கிறது சட்டம். இரண்டிலும் தேவை உண்டு, இரண்டிலும் வட்டி உயர்வு. ஆனாலும், வேறு இடம் தேடிப் போகக்கூடியவரை ஒரு விதமாகவும், போக இடமில்லாமல் பழைய கடனோடு அதே வாசற்படியில் நிற்பவரை வேறு விதமாகவும் சட்டம் பார்க்கிறது. இவ்வளவு நுட்பமாக எழுதப்பட்ட சட்டம் மலைமேல் எத்தனை முறை ஏறியிருக்கிறது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். புளியமரக் குத்தகைக்காகக் கோர்ட்டுக்கு இறங்கிப் போகிறவர் யார்? போய் வருகிற பஸ் செலவுக்கே அடுத்த வருஷத்து மரத்தை ஈடு வைக்க வேண்டியிருக்குமே!

அடுத்த பிரிவு, 17-ஆவது, மோசடியைப் பற்றியது. தெரிந்ததைச் சொல்லாமல் மௌனமாக இருப்பது மட்டும் மோசடியாகாது என்பது அங்கே பொது விதி. ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார், நோயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அது மோசடியல்ல. ஆனால் வாங்குபவள் அவருடைய சொந்த மகள், இப்போதுதான் வயது வந்தவள் என்றால், சொல்ல வேண்டியது அவர் கடமையாகிவிடுகிறது. அதே குதிரை, அதே நோய், அதே மௌனம். எதிரே நிற்பவர் மாறினார், கடமையும் மாறிவிட்டது. பிறிதோர் உதாரணத்தில், வியாபாரிகளாகிய இருவர் ஒப்பந்தம் பேசுகிறார்கள். விலை மாறப்போகும் செய்தி ஒருவருக்கு மட்டும் ரகசியமாகத் தெரியும். அதை மற்றவருக்குச் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்லர் என்று இருக்கிறது. இருவரும் வியாபாரிகள் என்று சட்டம் சொல்லியிருப்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த விவாதம் இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் பழையது. ரோமாபுரியின் பேச்சாளரும் அறிஞருமாகிய சிசரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு தானிய வியாபாரியைப் பற்றிப் பேசுகிறார். ரோட்ஸ் தீவில் கொடிய பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஒரு நல்ல மனிதர் கப்பல் நிறையத் தானியத்தோடு அங்கே வந்து சேர்கிறார். தமக்குப் பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியிலே கண்டிருக்கிறார். தீவு மக்களிடம் அதைச் சொல்வதா, சொல்லாமல் பஞ்ச விலைக்கு விற்பதா? பாபிலோனியராகிய டயோஜெனிஸ் என்னும் தத்துவஞானி, சரக்கில் குறையிருந்தால் சட்டம் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும், மற்றபடி வஞ்சனையில்லாமல் நல்ல விலைக்கு விற்கலாம், சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்று வாதித்தார். அவருடைய மாணாக்கராகிய ஆன்டிபேட்டர், மனிதர்களுக்கு நன்மை செய்யப் பிறந்தவன் அவர்களுக்கு எதிரே வந்து நிற்கும் நன்மையை எப்படி ஒளிக்கலாம் என்று குருவையே மறுத்தார். சிசரோ இரு பக்கத்தையும் கேட்டு, மாணாக்கர் பக்கமே தீர்ப்பளித்தார். அறைதோறும் பாம்பு நடமாடும் வீட்டை அது தெரியாதவனிடம் விற்பதையும் அவர் இதே வரிசையில்தான் வைக்கிறார்.

இந்தியச் சட்டத்தை எழுதியவர்கள் டயோஜெனிஸின் பக்கம் சாய்ந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்களைக் குறை கூறவும் முடியாது. மண்டியிலே இரண்டு வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தம் கணக்கைத் திறந்து காட்டிக்கொண்டுதான் பேச வேண்டுமென்றால் வியாபாரமே நடக்காது. ஆனால் நம் புளியமரத்தடிக்குத் திரும்பி வாருங்கள். அங்கே நிற்பவர் ஏலத்தில் வந்த அந்நியர் அல்லர். இருபது வருஷமாக அதே வீட்டுப் புளியை வாங்குகிறவர், அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர், அந்த வீட்டுப் பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுகிறவர். அவரிடம் வீட்டுக்காரர், "நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே" என்கிறார். இப்படிச் சொல்பவர் பேரத்திலிருந்தே விலகிக்கொண்டு, தம்முடைய வக்கீலாகவும் எதிராளியையே நியமித்துவிடுகிறார். அந்த நியமனத்தை ஏற்றுக்கொண்டு விலை சொல்கிற வியாபாரி, என் கணிப்பில், குதிரையை மகளுக்கு விற்கும் தகப்பனுடைய ஸ்தானத்துக்கு வந்துவிடுகிறார். அந்த நம்பிக்கை வேண்டாமென்றால், "கவுண்டரே, நீங்கள் நாலு பேரைக் கேட்டு உங்கள் விலையைச் சொல்லுங்கள், நான் என் விலையைச் சொல்கிறேன்" என்று மறுத்துவிடலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. நம்பிக்கையை ஏற்றுக்கொண்டு, விலையை மட்டும் அந்நியனைப் போலச் சொல்வது கூடாது.

வியாபாரிகளின் பக்கத்து நியாயத்தை நான் மறக்கவில்லை. அதை முழுமையாகச் சொல்லாமல் அவர்களைப் பார்த்துப் பேச எனக்கு உரிமையுமில்லை. ஆறேழு மாதம் பணம் முடங்குகிறது. பழம் முற்றும் சமயத்தில் மழை பிடித்தால் புளி கறுத்துப் போகும். மரத்திலேயே பூச்சி விழலாம். உலுக்குவதற்கும் ஓடு தட்டுவதற்கும் கொட்டை எடுப்பதற்கும் கூலி, மலைப்பாதையில் லாரி வாடகை, கீழே இறக்கிய பிறகு சேமித்து வைக்கும் செலவு, விலை சரிந்தால் நஷ்டம். இவ்வளவையும் ஏற்றுக்கொள்கிறவருக்கு லாபம் உண்டு. அது அவருடைய உரிமை. சரக்கை எப்படிப் பக்குவப்படுத்துவது, எந்த ஊரில் எந்த ரகத்துக்கு மவுசு, யார் கடனை ஒழுங்காகத் திருப்புவார் என்பதெல்லாம் அவர் அலைந்து திரிந்து சம்பாதித்த அறிவு. அதை அவர் மரத்தடியிலே கொட்டிவிட்டுப் போக வேண்டுமென்று யாரும் கேட்க முடியாது. ஆனால் அன்றைய தேதிக்குத் திருப்பத்தூர் மண்டியில் புளி விலை என்ன என்பது மண்டிக்காரர் எல்லோரும் அறிந்த செய்தி. விற்கிறவர் ஒருவரே அறியாதது. அந்த அறியாமையிலிருந்து எடுக்கும் லாபத்துக்கு எந்த உழைப்பும் முதலும் இல்லை. வட்டி வேண்டுமா, வட்டி என்றே சொல்லிக் கேளுங்கள். லாரி வாடகையை வாடகை என்றே கழியுங்கள். மழைக்கும் பூச்சிக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டுமானால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் "பூ கம்மி" என்ற ஒரு பொய்க்குள் போட்டு மூடுவதுதான் பாவம்.

தீர்மானம் செய்யும் அந்த நிமிஷத்தில் வியாபாரி தம்மையே கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்வி ஒன்றுதான் இருக்கிறது: எனக்குத் தெரிந்தது இவருக்கும் தெரிந்திருந்தால், இந்த விலைக்கு இவர் சம்மதித்திருப்பாரா? சம்மதித்திருப்பார் என்றால் எவ்வளவு கடுமையான பேரமும் நேர்மையான பேரமே. சம்மதித்திருக்க மாட்டார் என்று உள்ளம் சொன்னால், கைக்கு வந்தது சம்மதமே அல்ல.

சாமைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் அநியாயம் படியிலே இருந்தது. வாங்கும்போது குவித்து அளப்பது, விற்கும்போது தலைதட்டி அளப்பது. கையை விளிம்பில் அணைத்துக் குவிப்பதில் ஒரு படிக்கு எத்தனை பிடி கூடும் என்பதை இங்குள்ள பாட்டிமார் நன்றாகச் சொல்வார்கள். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, அவர்கள் கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாதவர்கள் என்பதையே பெருமையாகப் பாடுகிறது என்றால், அந்தத் தவறு அவ்வளவு பழமையானது என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-இல் நெசவாளர்களும் பிற தொழிலாளிகளும் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்தபோது, கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை என்பவற்றையே தம் கொள்கையாக வைத்தார்கள். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மெட்ரிக் எடைகள் வந்தன. படியும் மரக்காலும் மெல்லமெல்ல ஒதுங்கின. இப்போது மின்தராசு பளிச்சென்று எண்ணைக் காட்டுகிறது. எடையில் ஏமாற்றுவது முன்போல் எளிதல்ல. ஆனால் எடை சரியாக இருந்துவிட்டால் பேரமும் சரியாகிவிட்டது என்று எண்ணலாமா?

சாமை மூட்டை மூட்டையாகத் தானியமாகவே மலையிறங்குகிறது. இடைத்தரகர் கை மாறி மாறி, மகாராஷ்டிரத்தில் நாசிக் வரையிலும் போய் அங்குள்ள ஆலைகளில் உமி நீக்கப்பட்டுச் சாமை அரிசியாகிறது. உமியும் தவிடும் போக எஞ்சுவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாது என்று வைத்துக்கொண்டாலும், அந்த அரிசிக்கு நகரத்துக் கடையில் கிடைக்கும் விலைக்கும், இங்கே தானியத்துக்குக் கொடுத்த விலைக்கும் உள்ள தூரத்தை ஆலைக்கூலியும் வண்டிக்கூலியும் மட்டும் நிரப்பிவிடாது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை, இந்தியாவின் வேண்டுகோளின் பேரில், சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பட்டணத்து வைத்தியர்கள் சாமையைச் சாப்பிடச் சொல்கிறார்கள். விளைவித்தவர்கள் அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்குகிறார்கள். முன்னே இதை வீட்டுப் பெண்கள் உரலில் இட்டுக் குற்றினார்கள். அது முதுகொடிக்கும் வேலை. அந்த வேலைக்கு மாற்றாக ஊருக்கு ஒரு சிறு ஆலை வந்தால் பேரத்தின் தன்மையே மாறிவிடும். தானியமாக விற்றால் ஒரு விலை, அரிசியாக விற்றால் ஒரு விலை என்று விற்பவருக்கு இரண்டு வழி இருக்கும்போது, அவர் "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை.

செல்போன் வந்துவிட்டதே, இனி விலை யாருக்குத்தான் தெரியாது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். விலை தெரிவது நல்லதே. ஆனால் முன்பணம் வாங்கியவருக்கு மாசி மாதத்து விலை தெரிந்து என்ன பிரயோஜனம்? அவர் சரக்கு ஏற்கெனவே அவருடையதல்ல. அறியாமை ஒரு சங்கிலி, அவசரம் இன்னொரு சங்கிலி. முதலாவது கழன்று விழுந்தாலும் இரண்டாவது இருக்கும் வரையில் மனிதன் நகர முடியாது.

மலைக்காரர்களிடமும் நான் சில வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பேச்சு ஒரு பக்கத்துக்கு மட்டும் இனிப்பாகிவிடும். புளியில் எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பதும், மூட்டையின் நடுவிலே கொட்டையையும் ஓட்டையும் வைத்து மேலே நல்ல சுளையை அடுக்குவதும், தேனில் வெல்லப்பாகு கலப்பதும், ஒரே மரத்துக்கு இரண்டு பேரிடம் முன்பணம் வாங்குவதும் நடக்கவில்லையென்று யாராலும் சொல்ல முடியாது. ஏழைமை இதற்குக் காரணமாகலாம்; நியாயமாகாது. இதன் விளைவு என்னவென்றால், வியாபாரி எல்லாச் சரக்கையும் கலப்படமென்றே எண்ணி விலை சொல்லத் தொடங்குகிறார்; கலக்காதவரும் கலந்தவருடைய தண்டனையை அனுபவிக்கிறார். சரக்கின் குறையைச் சொல்லும் கடமை விற்பவருக்கு, விலையின் நிலவரத்தைச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு.

பலவீனமானவன் பக்கத்தில் நியாயம் இருந்துவிட்டால் அவன் எந்த ஆயுதத்தையும் எடுக்கலாமா என்ற கேள்வியும் பேரத்தில் எழும். இதற்கு 1918-ஆம் ஆண்டு ஆமதாபாத் நகரத்து மில் தொழிலாளர் போராட்டத்தைக் காட்டிலும் சிறந்த பாடம் நம் தேசத்தில் இல்லை. பிளேக் நோய்க்காலத்தில் கொடுத்துவந்த போனஸை முதலாளிகள் நிறுத்த முற்பட்டார்கள். தொழிலாளர் 50 சதவீதம் கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 சதவீதத்துக்கு மேல் மறுத்தார்கள். தொழிலாளர் பக்கம் நின்ற காந்தியடிகள் முதலில் செய்த காரியம், அவர்களுடைய கோரிக்கையை எடுத்துக்கொண்டு முழங்கியது அன்று. பம்பாயில் கொடுக்கப்படும் கூலி என்ன, ஆமதாபாத்தில் வாழ்க்கைச் செலவு என்ன, மில்லுக்குத் தாங்குமா என்றெல்லாம் விசாரித்து, நியாயமானது 35 சதவீதமே என்று முடிவு செய்து, தம் கட்சிக்காரர்களையே கோரிக்கையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். பேரத்தில் முதலில் அதிகமாகக் கேட்டுப் பிறகு இறங்கிவருவதே சாமர்த்தியம் என்று பழகியவர்களுக்கு இது விபரீதமாகத் தோன்றும். அவரோ, கேட்கும் எண்ணே உண்மையாக இருக்க வேண்டும், அதிலிருந்து பின் இறங்கவும் கூடாது என்று நினைத்தார்.

தொழிலாளரின் உறுதி தளரத் தொடங்கியபோது, மார்ச் 15-ஆம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்றாம் நாள் சமரசம் ஏற்பட்டது. மத்தியஸ்தராக இருந்த பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா பின்னர் 35 சதவீதத்தையே தீர்ப்பாக அளித்தார். வெற்றிதான். ஆயினும் காந்தியடிகள் தம் சுயசரிதையில் அந்த உண்ணாவிரதத்தில் பெருங்குறை இருந்ததென்று எழுதுகிறார். எதிர்த்தரப்புக்குத் தலைமை வகித்த அம்பாலால் சாராபாய் அவருக்கு நெருங்கிய நண்பர். அம்பாலாலின் சகோதரி அனசூயா பென் அவரோடு தொழிலாளர் பக்கம் நின்றவர். அப்படிப்பட்டவர்கள் கண்முன்னே தாம் பட்டினி கிடக்கும்போது, அவர்கள் வழக்கின் நியாயத்தை ஆராய்ந்து இணங்கினார்களா, அல்லது தம்மேல் வைத்த அன்பினால் இணங்கினார்களா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தாம் நியாயமென்று நம்பிய எண்ணுக்காக, பட்டினியைத் தம் உடம்பிலேயே ஏற்றுக்கொண்டவருக்கே, எதிராளியின் சம்மதம் கலங்கியதே என்று மனம் உறுத்திற்று. பிறர் பட்டினியை உபயோகித்து விலை பேசுகிறவர்களுடைய மனம் எவ்வளவு உறுத்த வேண்டும்!

இனிச் சொல்லப்போவது வேதனையான விஷயம். இந்த மலையில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் போவது கோழைத்தனம். முன்பணம் பொருளின் மேல் மட்டும் கொடுக்கப்படுவதில்லை. மனிதர் மேலும் கொடுக்கப்படுகிறது. கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. முன்பணத்துக்காக உழைப்பை அடகு வைக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று ஆக்கியது. ஆனால் 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில், ஆந்திரத்துச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து போன கூலிகள். இந்த ஜவ்வாது மலைத்தொடரின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். கட்டட வேலை, மேஸ்திரி வேலை என்று சொல்லிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனார்கள் என்றே பல குடும்பங்கள் கூறின. சுட்டது முறையா என்ற விவாதம் மனித உரிமை ஆணையம் வரையில் போயிற்று. அதற்குள் நான் இப்போது நுழையவில்லை. என் கவனம் அதற்கு முன்னாலே நடந்த பேரத்தில் இருக்கிறது. ஏஜெண்ட் வந்தார், சில ஆயிரம் ரூபாயைக் கையில் வைத்தார், எந்தக் காடு, எந்த மரம், பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வெளிநாட்டுக்குக் கப்பலேறும் அந்தக் கட்டையின் உண்மையான விலையும் அவருக்கு மேலே இருப்பவருக்குத் தெரியும். வெட்டப்போனவருக்கு அன்றாடக் கூலி மட்டுமே தெரியும். சிலருக்கு ஆபத்தும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும், ஆனால் மறுத்துவிட்டு வீட்டிலே இருக்க வழி தெரியாது. புளியமரத்தடியில் நாம் கண்ட அதே இரண்டு குறைகள், அறியாமையும் காத்திருக்க இயலாமையும், இங்கே உயிருக்கே விலை பேசின. சந்தன மரங்களுக்காக ஒரு காலத்தில் இந்த மலைகளிலும் இப்படித்தான் நடந்தது. வெட்டியவர் சிறை போனார், வாங்கியவர் பெயர் வெளிவரவேயில்லை.

ஆகவே, வியாபாரியின் மனச்சாட்சியை எழுப்பினால் மட்டும் போதும் என்று நான் கருதவில்லை. நல்ல மனிதர் வந்தால் நல்ல விலை, கெட்டவர் வந்தால் கெட்ட விலை என்று ஒரு நாடு தன் பிழைப்பை அதிருஷ்டத்தின் கையில் விட்டுவிடக் கூடாது. விற்பவருக்குக் காத்திருக்கும் சக்தியை உண்டாக்க வேண்டும். 1933-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் வழியே ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் தோன்றியது இந்த நோக்கத்தோடுதான். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துத் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுக்காரருக்கே தம் மாட்டின் விலை கடைசியில்தான் தெரியவரும். விற்பனைக்கூடத்து மறைமுக ஏலத்திலும் ரகசியம் உண்டு. ஆனால் அங்கே வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். பிறகு பெட்டி எல்லோருக்கும் முன்னால் திறக்கப்படுகிறது. விலை பிடிக்காவிட்டால் சரக்கைத் தருவதில்லை என்று விவசாயி சொல்லலாம். அங்கேயே சரக்கை இருப்பு வைத்து அதன் பேரில் கடன் வாங்கும் வசதியும் உண்டு. விலை ஏறும்வரை காத்திருக்க அது உதவும். மலைவாழ் மக்களுக்கென்று பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன், மெழுகு, மூங்கில், மருந்து மூலிகை முதலிய சிறு வனப்பொருள்களின் மேல் உங்களுக்கு உடைமையையே கொடுத்திருக்கிறது. இவ்வளவும் ஏட்டில் இருக்க, ஆடி மாதத்தில் அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அன்றைக்கே கொடுக்கிறவர் வியாபாரி ஒருவர்தான் என்றால், ஜனங்கள் அவரிடம்தான் போவார்கள். சங்கங்களை நடத்துகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

முன்பணமே வேண்டாம் என்று உபதேசிக்க எனக்கு மனம் வரவில்லை. பசித்தவனிடம் போய்க் கடன் வாங்காதே என்பது எளிது. முன்பணம் இருக்கட்டும்; அதை எழுதும் முறையை மாற்றுங்கள் என்று இரு தரப்பாரையும் கேட்டுக்கொள்கிறேன். மரத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று பேசாமல், உலுக்கும் நாளில் திருப்பத்தூர் மண்டி விலை என்னவோ அதுவே விலை என்று எழுதுங்கள். அதிலிருந்து கழிப்பதற்குரிய வட்டி இவ்வளவு, கூலி இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு என்று இன்றைக்கே தமிழில் எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மழையிலே புளி கெட்டால் நஷ்டத்தை எந்த விகிதத்தில் பகிர்ந்துகொள்வது என்பதையும் அதிலேயே சேருங்கள். எழுதியதை வீட்டுப் பெண்களுக்கும் படித்துக் காட்டுங்கள்; கொட்டை எடுப்பவர்களும் வட்டிக்காக வயிற்றைச் சுருக்குகிறவர்களும் அவர்கள்தாம், பேரம் நடக்கும் இடத்திலோ அவர்களைக் காண்பது அபூர்வம். ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். இதனால் வியாபாரிக்குச் சில வருஷங்களில் லாபம் குறையும். விலை சரிகிற வருஷங்களில் நஷ்டமும் குறையும், அதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷத்து மரங்களுக்கு ஏற்கெனவே பணம் வாங்கியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஆடிக்கு முன்னால் இரண்டு மூன்று வீட்டாரும் ஒன்றிரண்டு வியாபாரிகளுமாவது இப்படி எழுதிப் பார்க்கலாம். இந்த ஏற்பாட்டில் எங்கே இடறும் என்பதை என்னைவிட மண்டிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஆகையால் கேள்வி நேரத்தில் அவர்களே முதலில் எழுந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.